ஓட்ட வண்டியில் வரும் பழுதுகள்: சத்தம், சூடு, உதறல் பார்த்து எதைச் சரிசெய்வது?

சொந்த உபயோகத்துக்கு வாங்கிய கார் வருடத்துக்கு 10,000 கி.மீ. ஓடினாலே அதிகம். மஞ்சள் போர்டு மாட்டி வாடகைக்கு ஓடும் கார், அதாவது ஓட்ட வண்டி, அந்தத் தூரத்தை இரண்டு மாதத்தில் தாண்டிவிடும். அண்ணா சாலையில் சிக்னலுக்குச் சிக்னல் கிளட்சை மிதித்து, விமான நிலையத்துக்கு வெளியே ஏசியைப் போட்டபடி காத்திருந்து, ஞாயிற்றுக்கிழமை நான்கு பயணிகளோடும் கூரை மேல் பெட்டிகளோடும் ஏற்காடு ஏறுகிற வண்டி அது. மீட்டரில் காட்டும் கி.மீ. அதன் தேய்மானத்தில் ஒரு பகுதியைத்தான் சொல்லும். நின்றபடி என்ஜின் ஓடும் நேரம் மீட்டரில் ஏறாது. ஆனால் அந்த நேரத்திலும் ஆயில் சூடாகிக் கெடுகிறது, ஃபேன் சுற்றுகிறது, கம்ப்ரசர் உழைக்கிறது. ஒரு மணி நேரம் ஐடிலிங்கில் நின்றால் 40 முதல் 50 கி.மீ. ஓடியதாகக் கணக்கு வைத்துக்கொள்வது நியாயம்.

தவணை கட்டிக்கொண்டிருக்கும் வண்டி ஒரு நாள் ஒர்க் ஷாப்பில் நின்றால் அன்றைய வருமானம் போச்சு. தவறான பாகத்தை மாற்றிவிட்டு அதே சத்தத்தோடு வெளியே வருவது அதைவிடப் பெரிய நஷ்டம். அதனால்தான் இதைப் பாகத்தின் பெயரில் தொடங்காமல் டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருப்பவருக்கு என்ன தெரிகிறதோ அதிலிருந்து தொடங்கி எழுதியிருக்கிறேன்.

எந்தப் பழுதுக்கும் முதலில் கவனிக்க வேண்டியது அது எப்போது வருகிறது என்பதை. வண்டி குளிர்ந்திருக்கும்போதா, சூடான பிறகா? எந்த வேகத்தில்? நேராகப் போகும்போதா, வளைக்கும்போதா? பிரேக் போட்டால் கூடுகிறதா, குறைகிறதா? இந்த நான்குக்கும் பதில் இருந்தால் நல்ல மெக்கானிக் பாதி வேலையை முடித்துவிடுவார். "முன்னாடி ஏதோ சத்தம் வருது" என்று மட்டும் சொன்னால் அவரும் ஊகித்துத்தான் பாகம் மாற்ற வேண்டியிருக்கும்.

இவை வந்தால் அந்த இடத்திலேயே ஓரம் கட்டவும்

ஆயில் கேன் படம் போட்ட சிவப்பு விளக்கு ஓடும்போது எரிந்தால் என்ஜினை உடனே அணைக்கவும். அந்த விளக்கு சொல்வது ஆயிலின் அழுத்தம் விழுந்துவிட்டது என்பதை. "அடுத்த பெட்ரோல் பங்க் வரைக்கும் போயிடலாம்" என்று நினைத்த வண்டிகள்தான் கிராங்க் பேரிங் போய் என்ஜின் இறக்கும் நிலைக்கு வருகின்றன. டிப்ஸ்டிக்கில் ஆயில் சரியாக இருந்தாலும் ஸ்டார்ட் செய்யாமல் இழுத்துச் செல்ல ஏற்பாடு செய்யுங்கள்.

பிரேக் பெடல் மெல்ல மெல்லத் தரைவரை இறங்குவது, சூட்டு முள் சிவப்பைத் தொடுவது, ஸ்டீயரிங்கில் திடீரென ஆட்டம் கூடுவது, சிஎன்ஜி வண்டியில் கேஸ் வாடை வருவது – இவையும் அதே கணக்கு. கேஸ் வாடை என்றால் எல்லோரையும் இறக்கிவிட்டு, சிலிண்டர் வால்வை மூடி, கதவுகளையும் டிக்கியையும் திறந்துவிடுங்கள். எந்த சுவிட்சையும் தொடக் கூடாது.

பிரேக் போட்டால் கீச்சென்று சத்தம்

காலையில் முதல் இரண்டு மூன்று மிதியில் மட்டும் வந்து மறைந்தால் அது இரவில் டிஸ்க் (சக்கரத்தோடு சுற்றும் பிரேக் தட்டு) மேல் படிந்த துரு. கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் நிறுத்தும் வண்டிகளில் இது சாதாரணம், செலவு எதுவும் வேண்டாம். நாள் முழுக்க வந்தால், டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பேட் தேய்ந்துவிட்டது. பல பேட்களில் ஒரு சிறு தகடு இருக்கும், பேட் தேய்ந்ததும் அது டிஸ்க்கில் உரசிச் சத்தம் கொடுக்கும். அதையும் தாண்டி கரகரவென்று இரும்பை இரும்பு அறுக்கும் சத்தம் வந்தால் பேடோடு டிஸ்க்கையும் சேர்த்து மாற்ற வேண்டியிருக்கும்.

பேட் கனம் 3 மி.மீ. வந்தால் மாற்றிவிடலாம். பார்க்கும்போது வெளிப்பக்கப் பேடை மட்டும் பார்த்துவிட்டு "இன்னும் ஓடும்" என்று சொல்லாதீர்கள். கேலிபர் (பேடை டிஸ்க் மேல் அழுத்தும் பாகம்) பின்னில் கிரீஸ் காய்ந்து இறுகிப்போனால் உள்பக்கப் பேட் தனியாகத் தேயும். சக்கரத்தைக் கழற்றினால்தான் அது தெரியும். பின்னைச் சுத்தம் செய்து சரியான கிரீஸ் போடாமல் புதுப் பேடை மட்டும் மாட்டினால் அதுவும் அதே போலத் தேயும்.

பிரேக் ஆயில் டப்பாவில் அளவு இறங்கியிருந்தால் உடனே ஊற்றி நிரப்ப வேண்டாம். பேட் தேயத் தேய அளவு கொஞ்சம் இறங்குவது இயல்புதான். பேட் கனமாக இருந்தும் அளவு இறங்கியிருக்கிறது என்றால் எங்கோ கசிகிறது. பின் சக்கரத்தின் உள்பக்கம் ஈரமாக இருந்தால் வீல் சிலிண்டர். வெளியே எங்கும் ஈரம் இல்லாமல் பெடல் மட்டும் இறங்கினால் மாஸ்டர் சிலிண்டர்.

பிரேக் போட்டால் ஒரு பக்கம் இழுக்கிறது

முதலில் டயர் காற்று. அது சரியாக இருந்தால், பத்து கி.மீ. ஓட்டிவிட்டு இறங்கி, நான்கு சக்கரங்களுக்கும் அருகில் கையை நீட்டி (தொட வேண்டாம்) சூட்டை ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் அனலாக இருந்தால் அங்கே கேலிபர் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. மைலேஜ் குறைந்ததற்கும் அதுவே காரணமாக இருக்கலாம்.

மலை இறங்கும்போது பிரேக் பிடிக்கவில்லை

உயிர் போகிற விஷயம் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கொல்லிமலைப் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். வால்பாறைக்கு 40. ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையில் 36, அதுவும் செங்குத்தான சரிவு. சமவெளியிலேயே ஓட்டிப் பழகிய டிரைவர் நான்காவது கியரில் பிரேக் மேல் காலை வைத்தபடியே இறங்கினால், பாதி வழியிலேயே பிரேக் கைவிடும்.

கைவிடுவது இரண்டு விதம். பெடல் கல்லாக இருக்கிறது, மிதித்தாலும் வண்டி நிற்கவில்லை, தீய்ந்த வாடை வருகிறது என்றால் பேட் சூடாகிப் பிடிப்பை இழந்துவிட்டது. சூடு ஆறினால் பெரும்பாலும் பிடிப்பு திரும்பும். பெடல் பஞ்சாகி உள்ளே போகிறது என்றால் பிரேக் ஆயில் கொதித்துக் குழாய்க்குள் ஆவி நிற்கிறது. இது இன்னும் ஆபத்து. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. டாட் 3 தரத்தில் புதிய ஆயில் குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு அந்த வரம்பு 140 டிகிரிக்கு இறங்கிவிடும். டாட் 4 தரத்தில் அது 230, 155. மேலே பார்த்தால் டப்பா நிறைந்துதான் இருக்கும், நிறம் மட்டும் கறுத்திருக்கும். அதனால் பிரேக் ஆயிலை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முழுமையாக மாற்ற வேண்டும். மலை ஓட்டம் அடிக்கடி போகும் வண்டிக்கு வருடா வருடம் மாற்றுங்கள் என்பேன். செலவு ஒரு டயர் விலையில் சிறு பங்குதான்.

அந்த நிலையில் மாட்டிக்கொண்டால், பெடலை விட்டு விட்டு வேகமாக மிதித்துக்கொண்டே கியரை ஒவ்வொன்றாகக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கைப் பொத்தானை அழுத்திப் பிடித்தபடி மெல்ல மெல்ல இழுத்து, மலைச்சுவர் பக்கம் ஒதுங்குங்கள். நின்ற பிறகு டிஸ்க் மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது. சட்டென்று குளிர்ந்தால் டிஸ்க் வளையும், விரிசலும் விடலாம். முதல் கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்து, அரை மணி நேரமாவது ஆறவிடுங்கள். பெடல் பழையபடி இறுகாவிட்டால் அந்த வண்டியில் பயணிகளை ஏற்றி இறங்க வேண்டாம். ஏறும்போது எந்த கியரில் ஏறினோமோ அதே கியரில் இறங்க வேண்டும் என்று பழைய டிரைவர்கள் சொல்வது முழுக்கச் சரி.

ஸ்டீயரிங் உதறுகிறது

பிரேக் போடும்போது மட்டும் உதறினால் முன் டிஸ்க் சமமாக இல்லை. வீல் பேலன்சிங் செய்து பணத்தை வீணாக்காதீர்கள். பிரேக் போடாமலே 80 கி.மீ. வேகத்தில் தொடங்கி, இன்னும் கூட்டினால் குறைந்துவிடுகிறது என்றால் அது பேலன்சிங்தான். சக்கரத்தில் ஒட்டியிருந்த ஈயத்துண்டு விழுந்திருக்கும், அல்லது மழையில் உள்பக்கம் சேறு காய்ந்து ஒட்டியிருக்கும். சேற்றைக் கழுவிப் பார்த்துவிட்டுப் பிறகு கடைக்குப் போங்கள். 30, 40 கி.மீ. வேகத்திலேயே வண்டி தள்ளாடினால் டயர் புடைத்திருக்கிறதா என்று கையால் தடவிப் பாருங்கள். பக்கச் சுவரில் புடைப்பு இருந்தால் உள்ளே நூல் அறுந்துவிட்டது என்று பொருள். அந்த டயரை ஸ்டெப்னியாகக்கூட வைத்திருக்க வேண்டாம்.

ஸ்டீயரிங் உதறாமல் சீட் மட்டும் அதிர்ந்தால் பின்பக்கம் பாருங்கள்.

டயர் தேய்ந்திருக்கும் விதமே நிறையச் சொல்லும். நடுவில் மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம். இரண்டு ஓரமும் தேய்ந்தால் காற்று குறைவு, அல்லது பாரம் அதிகம். ஒரு ஓரம் மட்டும் என்றால் அலைன்மெண்ட், இல்லையென்றால் லோயர் ஆர்ம் புஷ் (சக்கரத்தைத் தாங்கும் கையின் ரப்பர் இணைப்பு) போயிருக்கும். புஷ் போன வண்டியில் எத்தனை முறை அலைன்மெண்ட் பார்த்தாலும் நிற்காது. முதலில் புஷ், பிறகு அலைன்மெண்ட். திட்டுத் திட்டாகப் பள்ளம் விழுந்து தேய்ந்தால் ஷாக் அப்சார்பர் தளர்ந்திருக்கும். பட்டன் ஆழம், அதாவது டயர் பள்ளங்களின் ஆழம், 1.6 மி.மீ. வந்தால் டயரின் ஆயுள் முடிந்தது. பள்ளங்களுக்கு நடுவே தெரியும் சிறு மேடுகள் அந்த அளவைத்தான் காட்டுகின்றன. ஓட்ட வண்டியில் டயர் பழையதாகும் முன்பே தேய்ந்துவிடும், ஆனால் ஸ்டெப்னி அப்படியில்லை. அதன் பக்கச் சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். 3219 என்றால் 2019-ஆம் வருடம் 32-ஆவது வாரம் தயாரானது. தேயாமலே வயதான ஸ்டெப்னி நெடுஞ்சாலையில் வெடிக்கலாம்.

காற்றைக் காலையில், வண்டி ஓடுவதற்கு முன் பார்க்க வேண்டும். டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரில் முழுப் பாரத்துக்குத் தனி அளவு போட்டிருப்பார்கள். வெளியூர் ஓட்டத்துக்கு அந்த அளவு.

அடியிலிருந்து வரும் சத்தங்கள்

சின்னச் சின்ன மேடுகளில் மெதுவாகப் போகும்போது கடகடவென்று கேட்டால் முதலில் லிங்க் ராடைப் (சஸ்பென்ஷனில் உள்ள சின்ன இணைப்புக் கம்பி) பாருங்கள். விலை குறைவு, சீக்கிரம் போகும், இதை விட்டுவிட்டு ஷாக் அப்சார்பரை மாற்றியவர்கள் ஏராளம். அதே சத்தம் பிரேக்கை லேசாகத் தொட்டதும் நின்றுவிடுகிறதா? அப்படியானால் சஸ்பென்ஷனைத் தொடவே வேண்டாம். கேலிபருக்குள் பேட் ஆடுகிறது. கிளிப் அல்லது பின் பார்த்தால் போதும்.

பெரிய பள்ளத்தில் டொக்கென்று ஒரே அடி விழுந்தால் லோயர் ஆர்ம் பால் ஜாயின்ட், அல்லது ஸ்ட்ரட் மவுன்ட். வண்டி நிற்கும்போதே ஸ்டீயரிங்கைத் திருப்பினால் ஸ்பிரிங் முறுக்கி விடுவது போன்ற சத்தம் வந்தால் மவுன்ட் பேரிங் என்று கிட்டத்தட்ட முடிவே செய்துவிடலாம். பால் ஜாயின்ட்டை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். அது கழன்றால் சக்கரம் மடங்கி வண்டி அங்கேயே உட்கார்ந்துவிடும்.

முழுதாக வளைத்துத் திருப்பும்போது டக் டக் டக் என்று வேகத்துக்கேற்ப வந்தால் ஆக்சிலின் வெளி ஜாயின்ட். அதை மூடியிருக்கும் ரப்பர் உறையான பூட் கிழிந்து கிரீஸ் வெளியேறி, மணல் உள்ளே போனதால் வந்த வினை. பூட் கிழிந்ததுமே கண்டுபிடித்தால் பூட்டும் கிரீஸும் மட்டும் மாற்றினால் போதும். சக்கரத்தின் உள்பக்கம் கறுப்பாகக் கிரீஸ் தெறித்திருக்கிறதா என்று வண்டி கழுவும்போதெல்லாம் குனிந்து பாருங்கள்.

வேகம் கூடக் கூட ஊளையிடுவது போல ஒரே சீராக வரும் சத்தம் டயராகவும் இருக்கலாம், வீல் பேரிங்காகவும் இருக்கலாம். காலியான அகலச் சாலையில் 50, 60 கி.மீ. வேகத்தில் மெதுவாக இடப்பக்கம் வளைத்துப் பாருங்கள். வண்டியின் பாரம் வலப்பக்கச் சக்கரத்தில் விழும். அப்போது சத்தம் கூடினால் வலப்பக்க பேரிங். வலப்பக்கம் வளைக்கும்போது கூடினால் இடப்பக்கம். எந்தப் பக்கம் வளைத்தாலும் மாறாமல் இருந்தால் முன் டயர்களைப் பின்னுக்கும் பின் டயர்களை முன்னுக்கும் மாற்றி ஓட்டுங்கள். சத்தமும் இடம் மாறினால் டயர்தான்.

சிக்னலில் ஏசி போட்டு நிற்கும்போது வண்டி முழுக்க அதிர்ந்து, ஆக்சிலேட்டரைத் தொட்டதும் நின்றுவிட்டால் என்ஜின் மவுன்டிங்.

வண்டி சூடாகிறது

நெரிசலில் சூடு ஏறி, நெடுஞ்சாலையில் இறங்கிவிட்டால் ரேடியேட்டர் ஃபேன் வேலை செய்யவில்லை. ஓடும்போது காற்று தானாகவே வருகிறது, நிற்கும்போது ஃபேன்தான் துணை. ஃபியூஸ், ரிலே, மோட்டார் என்ற வரிசையில் பாருங்கள். ஏசியைப் போட்டால் பெரும்பாலான வண்டிகளில் ஃபேன் உடனே சுற்ற வேண்டும், பானட்டைத் திறந்து பார்த்தாலே தெரிந்துவிடும்.

நேர்மாறாக, நெரிசலில் ஒன்றுமில்லை, பாரத்தோடு மேடு ஏறும்போதும் நெடுஞ்சாலையில் விரட்டும்போதும் மட்டும் சூடாகிறது என்றால் ரேடியேட்டர் அடைத்திருக்கிறது, அல்லது தெர்மோஸ்டாட் முழுதாகத் திறக்கவில்லை. போர்வெல் தண்ணீரையே வருடக்கணக்கில் ஊற்றி வந்த வண்டிகளில் உள்ளே உப்புப் படிந்து குழாய்கள் அடைந்திருக்கும். கூலன்டும் டிஸ்டில்டு வாட்டரும் சரிபாதி கலந்து ஊற்ற வேண்டும், அல்லது கலந்தே வரும் கூலன்ட் வாங்க வேண்டும். எங்கள் ஊரில் பனி கிடையாது, கூலன்ட் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. உறையாமல் தடுப்பது அதன் ஒரு வேலை மட்டும்தான். துருப்பிடிக்காமல் காப்பதும் கொதிநிலையை உயர்த்துவதும் அதன் வேலைதான், நம் ஊருக்கு அந்த இரண்டும் கட்டாயம் வேண்டும்.

மூடியையும் மறக்காதீர்கள். ரேடியேட்டர் மூடி சுமார் ஒரு பார் அழுத்தத்தைத் தாங்கிப் பிடிப்பதால்தான் உள்ளே இருக்கும் நீர் 100 டிகிரியில் கொதிக்காமல் இருக்கிறது. அதன் ரப்பர் போனால் எல்லாம் சரியாக இருந்தும் வண்டி கொதிக்கும்.

முள் ஏறத் தொடங்கினால் ஏசியை அணைத்து ஹீட்டரை முழுச் சூட்டில் வையுங்கள். அதுவும் ஒரு சின்ன ரேடியேட்டர்தான். ஹீட்டரில் குளிர்ந்த காற்று வந்தால் உள்ளே கூலன்ட் இல்லை, அல்லது வாட்டர் பம்ப் சுற்றவில்லை. உடனே என்ஜினை அணைக்கவும். சூடாக இருக்கும்போது மூடியைத் திறந்து முகம் வெந்தவர்கள் உண்டு. அரை மணி நேரத்துக்கு மேல் ஆறவிட்டு, துணி போட்டு, மெதுவாகத் திருப்புங்கள்.

கூலன்ட் அடிக்கடி குறைகிறது, கீழே ஒரு சொட்டுகூட இல்லை, ஆயில் மூடியைத் திறந்தால் உள்ளே பால் போல வெளுத்திருக்கிறது, சைலன்சரில் வெள்ளைப் புகை நிற்காமல் வருகிறது என்றால் ஹெட் கேஸ்கெட் (என்ஜின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே உள்ள அடைப்பு) போய்விட்டது. அதற்கு மேல் ஒரு ஓட்டம்கூட எடுக்காதீர்கள்.

என்ஜின் சீறுகிறது, வண்டி இழுக்கவில்லை

ஆர்பிஎம் ஏறியும் வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது. சோதனை எளிது. சமதளத்தில், முன்னால் யாரும் இல்லாத இடத்தில், ஹேண்ட் பிரேக்கை முழுதாக இழுத்து, பிரேக்கையும் மிதித்துக்கொண்டு, மூன்றாவது கியரில் போட்டுக் கிளட்சை விடுங்கள். நல்ல கிளட்ச் என்றால் என்ஜின் உடனே அணையும். அணையாமல் ஓடிக்கொண்டே இருந்தால் கிளட்ச் பிளேட் முடிந்தது. ஒருமுறை பார்த்தால் போதும். திரும்பத் திரும்பச் செய்தால் மிச்சமிருப்பதும் எரிந்துவிடும்.

கிளட்சை மிதித்தால் சத்தம் வந்து, விட்டால் நின்றுவிட்டால் ரிலீஸ் பேரிங். மிதித்தால் நின்று, விட்டால் வந்தால் கியர் பாக்ஸ் பக்கம் பேரிங். பெடல் நாளுக்கு நாள் இறுகிக்கொண்டே போனால் பிரஷர் பிளேட், அல்லது கேபிள். கியர் பாக்ஸை இறக்கும் கூலிதான் இதில் பெரிய செலவு. அதனால் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் சேர்த்தே மாற்றிவிடுவது புத்திசாலித்தனம். பிளேட் மட்டும் போட்டுப் பணம் மிச்சம் பிடித்தால் ஆறு மாதத்தில் அதே கூலியை மறுபடி கொடுக்க வேண்டி வரலாம்.

நகர ஓட்டத்தில் கிளட்சைத் தின்பது சிக்னல் நேரம். மேம்பால ஏற்றத்தில் பிரேக் போடாமல் அரைக் கிளட்சிலேயே வண்டியை நிறுத்தி வைப்பதும், சிக்னல் முழுக்க முதல் கியரில் கிளட்சை மிதித்தபடி காத்திருப்பதும் பிளேட்டையும் பேரிங்கையும் கொல்லும். நியூட்ரலுக்கு வந்து காலை எடுத்துவிடுங்கள்.

கிளட்ச் நன்றாகப் பிடித்தும் டீசல் வண்டியில் பிக்கப் இல்லை, கறும்புகை வருகிறது என்றால் முதலில் ஏர் ஃபில்டர், அடுத்து டர்போவிலிருந்து வரும் ஹோஸ். ஹோஸில் விரிசல் இருந்தால் முடுக்கும்போது உஸ்ஸென்று காற்று போகும் சத்தம் கேட்கும். நீலப்புகை என்றால் ஆயில் எரிகிறது. பிஎஸ் 6 (புகை அளவுக்கான அரசுத் தரம்) டீசலில் புகை வடிகட்டி அடைத்து விளக்கு எரிந்தால், நெடுஞ்சாலையில் ஒரே சீரான வேகத்தில் இருபது நிமிடம் போல ஓட்டினால் பெரும்பாலும் அது தன்னைத் தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும். விளக்கைப் பார்த்தும் ஊருக்குள்ளேயே சுற்றினால் செலவு பெரிதாகும்.

சிஎன்ஜி வண்டி பெட்ரோலில் நன்றாக ஓடி, கேஸில் மட்டும் வெட்டி வெட்டி இழுத்தால் ஸ்பார்க் பிளக், ஏர் ஃபில்டர், கேஸ் ஃபில்டர் என்ற வரிசை. கேஸ் தீப்பிடிக்கப் பெட்ரோலைவிட வலுவான பொறி வேண்டும். அதனால் தேய்ந்த பிளக் முதலில் கேஸில்தான் காட்டிக்கொடுக்கும். பெட்ரோல் டேங்கைக் காலியாகவே வைத்து ஓட்டாதீர்கள், பம்ப் போய்விடும். சிலிண்டருக்கு மூன்று வருடத்துக்கு ஒருமுறை அழுத்தச் சோதனை கட்டாயம்.

காலையில் ஸ்டார்ட் ஆகவில்லை

சாவியைத் திருப்பினால் கடகடவென்று வேகமாகத் தட்டினால் பேட்டரியில் சார்ஜ் இல்லை, அல்லது டெர்மினலில் வெள்ளைப் பூப் பூத்திருக்கிறது. வெந்நீர் ஊற்றிக் கழுவி, துடைத்து, இறுக்கிப் பாருங்கள். ஒரே ஒரு டக், பிறகு மௌனம், விளக்குகளும் மங்கவில்லை என்றால் செல்ஃப் மோட்டார். நன்றாகச் சுற்றியும் பிடிக்கவில்லை என்றால் எரிபொருள் பக்கம். டீசலில் குளிர்ந்த நேரத்தில் மட்டும் தகராறு செய்தால் ஹீட்டர் பிளக். ஊட்டியில் ஒரு இரவு நிறுத்தினால் அது தெரிந்துவிடும்.

சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு மல்டிமீட்டர் (வோல்ட் அளக்கும் கருவி) வண்டியில் இருக்கட்டும். இரவு நின்ற வண்டியில் பேட்டரி 12.6 வோல்ட் காட்டினால் முழுச் சார்ஜ், 12.2 என்றால் பாதி. ஸ்டார்ட் செய்யும் நொடியில் 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரி தளர்ந்துவிட்டது. ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை இருந்தால், பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் டைனமோ நன்றாக இருக்கிறது. சில புதிய வண்டிகளில் தேவைக்கேற்பத்தான் சார்ஜ் ஏறும் என்பதால் ஹெட்லைட்டைப் போட்டு வைத்துப் பார்க்கவும். டைனமோ சரியாக ஏற்றாத வண்டியில் புதுப் பேட்டரி போட்டால் அதுவும் போய்விடும்.

ஏசி குளிரவில்லை

ஓடும்போது குளிர்ந்து, நின்றால் சூடாகக் காற்று வந்தால் ஃபேன், அல்லது கண்டென்சரில் தூசியும் பூச்சியும் அடைத்திருக்கிறது. அழுத்தம் குறைவான தண்ணீரால் கழுவினால் போதும். காற்றே குறைவாக வந்தால் கேபின் ஃபில்டர். கேஸ் போட்டு இரண்டு மாதத்தில் மறுபடி குறைந்தால் கசிவு இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்காமல் மறுபடி கேஸ் மட்டும் ஏற்றும் கடைக்குப் போகாதீர்கள்.

தண்ணீருக்குள் போய் வந்த வண்டி

2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் சென்னையில் மூழ்கிய கார்களில் பல, தண்ணீர் வடிந்த பிறகு ஸ்டார்ட் செய்து பார்த்ததால் என்ஜின் போனவை. சிலிண்டருக்குள் போன தண்ணீரை அழுத்த முடியாது. பிஸ்டன் மேலே வரும்போது கனெக்டிங் ராட் வளைந்துவிடும். சுரங்கப்பாதைத் தண்ணீரில் அணைந்த வண்டியை மறுபடி ஸ்டார்ட் செய்யவே கூடாது. தள்ளி வெளியே கொண்டுவந்து, பேட்டரியைக் கழற்றிவிட்டு, ஏர் ஃபில்டர் நனைந்திருக்கிறதா என்று பாருங்கள். நனைந்திருந்தால் இழுத்துத்தான் கொண்டுபோக வேண்டும்.

அணையாமல் வெளியே வந்த வண்டியும் தப்பித்ததாகக் கொள்ள வேண்டாம். பிரேக்கை லேசாக மிதித்து உலர்த்துங்கள். கியர் ஆயிலும் என்ஜின் ஆயிலும் வெளுத்திருந்தால் மாற்றுங்கள். அடுத்த சில வாரங்களில் வீல் பேரிங் ஊளையிடத் தொடங்கினால் அந்த நாளின் பலன்தான்.

சர்வீஸ் இடைவெளியும் வேலை முடிந்து எடுக்கும் நேரமும்

கையேட்டில் சாதாரண ஓட்டத்துக்கு ஒரு அட்டவணையும் கடின ஓட்டத்துக்கு இன்னொன்றும் தனியாக இருக்கும். வாடகை வண்டிக்கு இரண்டாவது அட்டவணைதான் பொருந்தும். முதல் அட்டவணை ஆயிலுக்கு 10,000 கி.மீ. என்று சொன்னாலும் நகரத்துக்குள்ளேயே ஓடும் வண்டிக்கு நான் 7,000, 7,500-க்கு மேல் விடமாட்டேன். டீசலில் புது ஆயில் சீக்கிரமே கறுப்பாவது இயல்பு, நிறத்தை வைத்து முடிவு செய்ய வேண்டாம். அளவை வாரம் ஒருமுறை, சமதளத்தில், அணைத்து ஐந்து நிமிடம் கழித்துப் பாருங்கள். ஒரு சின்ன நோட்டில் தேதி, கி.மீ., மாற்றிய பாகம் மூன்றையும் எழுதிவையுங்கள். ஆக்டிங் டிரைவர் ஓட்டினாலும் அந்த நோட்டு வண்டியிலேயே இருக்கட்டும்.

வண்டியை எடுக்கும்போது மாற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்பது அடுத்த பழுதுக்கும் உதவும். எந்தச் சத்தத்துக்காகக் கொடுத்தீர்களோ அந்தச் சத்தம் வரும் அதே சாலையில் மெக்கானிக்கையும் பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டுங்கள். பிரேக் வேலை நடந்திருந்தால் வண்டியை நகர்த்தும் முன் பெடலை நான்கைந்து முறை மிதித்து இறுகுகிறதா என்று பார்க்க வேண்டும். சக்கரம் கழற்றி மாட்டியிருந்தால் 50, 100 கி.மீ. ஓடிய பிறகு நட்டுகளை மறுபடி இறுக்குங்கள். புதுப் பேட் டிஸ்க்கோடு பழக 200, 300 கி.மீ. ஆகும், அதுவரை திடீர் பிரேக் வேண்டாம், அந்த வண்டியை மலை ஓட்டத்துக்கும் அனுப்ப வேண்டாம்.